கறவை மாடுகளுக்குக் கண் நோய்: அரைகுறை மருந்து ஆபத்து

பங்குனி, சித்திரை மாதங்களில் வெயிலும் புழுதியும் ஈக்களும் சேர்ந்து மாடுகளின் கண்களைத் தாக்குகின்றன. ஏனாத்தூர் உள்ளிட்ட காஞ்சிபுரம் வட்டாரத்தில் கறவை மாடு வளர்ப்போர் இச்சமயம் கவனமாக இருத்தல் வேண்டும்.

அறிகுறிகள்: கண்ணீர் வடியும். வெளிச்சம் பட்டால் மாடு இமையை மூடிக்கொள்ளும். கண் சிவந்து, கருவிழியில் வெண்படலம் தோன்றும். கவனியாது விட்டால் புண்ணாகிப் பார்வை பறிபோகலாம்.

காரணங்கள்: 'மொராக்செல்லா போவிஸ்' என்னும் பாக்டீரியா ஈக்கள் மூலம் பரவி இந்நோயை உண்டாக்குகிறது. வைக்கோல் துரும்பு குத்தினாலும், கண்புழு இருந்தாலும் ஏறக்குறைய இதே அறிகுறிகள் காணப்படும். துரும்பையும் புழுவையும் ஆன்டிபயாடிக் மருந்து அகற்றாது.

அரைகுறை மருந்தின் கேடு: வீட்டில் யாருக்கோ 'மெட்ராஸ் ஐ' வந்தபோது வாங்கிய களிம்பில் மிச்சத்தை மாட்டுக்குப் போடுவோர் உண்டு. மெட்ராஸ் ஐ பெரும்பாலும் வைரஸால் வருவது. வைரஸை ஆன்டிபயாடிக் கொல்லாது. மாட்டுக்கும் இரண்டு நாள் போட்டு, நீர் வடிவது நின்றதும் நிறுத்திவிடுகின்றனர். குறைந்த மருந்தில் வலுவற்ற கிருமிகள் மடியும். மருந்தைத் தாங்கும் கிருமிகள் பிழைத்துப் பெருகும். பிறகு அதே மருந்து பலிக்காது. பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங் 1945-லேயே இதை எச்சரித்தார்.

மனிதருக்கும் இது நேர்ந்துள்ளது. 2022-23-ல் அமெரிக்காவில், ஒரு கண் சொட்டு மருந்துடன் தொடர்புடையதாகக் கண்டறியப்பட்ட சூடோமோனாஸ் கிருமி 81 பேரைத் தொற்றியது. பல மருந்துகளுக்கு அது கட்டுப்படவில்லை. 14 பேர் பார்வை இழந்தனர், நால்வர் இறந்தனர்.

கடைப்பிடிக்க வேண்டியவை:

1. நோயுற்ற மாட்டைப் பிரித்து நிழலில் கட்டவும். சாணத்தை அன்றாடம் அகற்றி ஈக்களைக் கட்டுப்படுத்தவும்.

2. கொதித்து ஆறிய நீரில் நனைத்த சுத்தமான பஞ்சால் கண்ணைத் துடைக்கவும். ஒரு மாட்டுக்குப் பயன்படுத்திய பஞ்சை மறு மாட்டுக்குப் பயன்படுத்தலாகாது.

3. கால்நடை மருத்துவரிடம் காட்டி, அவர் சொன்ன மருந்தைச் சொன்ன அளவில், சொன்ன நாள் வரை போடவும்.

4. ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தாமாகப் போடலாகாது. கருவிழிப் புண் முற்றிவிடும்.

5. குழாயின் முனை கண்ணில் படக்கூடாது. மிச்ச மருந்தை அடுத்த முறைக்கென வைக்கலாகாது.

6. சிகிச்சையின்போது எத்தனை நாள் பாலை விற்கக்கூடாது என்பதையும் மருத்துவரிடம் கேட்டறியவும். மருந்து கலந்த பால் குடிப்போருக்கும் கேடு.

கண்ணில் நீர் வடியத் தொடங்கிய அன்றே மாட்டை மருத்துவரிடம் காட்டினால் செலவும் குறையும், கண்ணும் பிழைக்கும்.