ஒலியும் உறக்கமும்

போடிநாயக்கனூரிலிருந்து விடியற்காலையில் ஏலமலை ஏறும் தொழிலாளர் ‘பத்து’ என்பதைப் ‘பட்டு’ என மயங்கிக் கேளார். நாநுனி பல்லடியைத் தொடத் தகரமும், வளைந்து அண்ணத்தைத் தொட டகரமும் பிறக்கும். ஆங்கிலம் மட்டுமே பேசி வளர்ந்தோர் செவிக்கு இவ்வேறுபாடு எளிதில் எட்டாது. ஆதலின், இந்தியிலுள்ள இத்தகைய ஒலியிணையை அமெரிக்க ஆய்வாளர் சிலர் அன்னோர்க்குப் பயிற்றினர்.

செவி நன்றாயிருந்தும் இளமை முதல் மொழி கற்பதில் இடர்ப்படுதல் வளர்ச்சிநிலை மொழிக் குறைபாடு எனப்படும். இக்குறையுடையோரைக் கவனமற்றவர் என்று ஏசுவோர் பலர். ஆயினும், பயிற்சியின்போது இக்குறையுடைய வயதுவந்தோரும் ஏனையோருக்கு ஈடாகவே கற்றனர். வேற்றுமை மறுநாளே தோன்றியது. ஓரிரவு உறங்கி எழுந்தபின் ஏனையோரின் தேர்ச்சி உயர்ந்தது. இவர்களிடம் அவ்வுயர்வு காணப்படவில்லை. கற்ற ஒலியை உறக்கத்தில் நினைவில் ஊன்றச்செய்யும் செயலே இவர்களிடம் தளர்ந்திருக்கலாம் என்று 2018-ஆம் ஆண்டில் அவ்வாய்வாளர் எழுதினர்.