முழுக்கோழி வாங்குவோம், முழுவதையும் பயன்படுத்துவோம்

ஊரில் விருந்தினர் வந்தால்தான் வீட்டுக் கோழி சட்டிக்குள் போகும். அன்று கழுத்து, ஈரல் என்று எதுவும் வீணாகாது. இங்கே அஜக்ஸில் எமது பிள்ளைகள் பலருக்குக் கோழி என்றால் எலும்பில்லாத நெஞ்சுத் துண்டுதான். வேலைக்கும் வீட்டுக்கும் இடையில் ஓடும் நமக்கும் அதுவே சுகம். ஆனால் அந்தச் சுகத்துக்கு நாம் கொடுக்கும் விலை சிறியதல்ல. 2022ஆம் ஆண்டில் கனடாவில் கடைகளில் வாங்கும் உணவுப்பொருள்களின் விலை 9.8 வீதத்தால் ஏறியது. 1981ஆம் ஆண்டுக்குப் பின் அதுவே மிகப் பெரிய ஏற்றம். அதன் பின்னர் ஏற்றத்தின் வேகம் குறைந்ததே தவிர, விலைகள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

முழுக்கோழி எப்போது இலாபம்?

தோலையும் எலும்பையும் நீக்கினால் முழுக்கோழியின் நிறையில் ஏறக்குறையப் பாதிதான் சதை. ஆகவே முழுக்கோழியின் கிலோ விலையை இரண்டால் பெருக்குங்கள். எலும்பில்லாத இறைச்சி அதைவிடக் கூடிய விலைக்கு விற்றால் முழுக்கோழியே இலாபம். உதாரணமாக, முழுக்கோழி கிலோ 6 டொலர் என்றால் அதன் சதை கிலோ 12 டொலருக்கு வருகிறது. எலும்பில்லாத நெஞ்சு 15 டொலர் என்றால் கிலோவுக்கு 3 டொலர் மிச்சம். எலும்பில் கிடைக்கும் சூப் அதற்கு மேலான வரவு.

விளம்பரத் தாள்களில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் இறாத்தல் விலை. ஒரு கிலோ என்பது 2.2 இறாத்தல். இரண்டையும் ஒரே அளவில் ஒப்பிடுங்கள். சில வாரங்களில் கால் துண்டுகள் முழுக்கோழியை விட மலிவாக வரும். அப்போது அதையே வாங்குவது புத்தி.

கடையில் தோலுரித்து வெட்டித் தரச் சொன்னால், கழுத்தையும் முதுகெலும்பையும் தனிப்பையில் கேட்டு வாங்குங்கள். அதற்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறோம்.

ஒரு கோழி, மூன்று சமையல்

1. கால், தொடை: வழமையான கறி. இந்தப் பகுதி வேக நேரம் எடுத்தாலும் வறண்டு போகாது.

2. நெஞ்சு: மெல்லிய கீற்றுகளாக வெட்டி கரட், கோவா, லீக்ஸ் சேர்த்துப் பிரட்டல். மிஞ்சினால் மறுநாள் பிள்ளைகளின் மதிய உணவுக்குப் பாணுக்குள் வைக்கலாம்.

3. கழுத்து, முதுகு, செட்டை நுனி: மிளகு, சீரகம், உள்ளி, மஞ்சள் சேர்த்து ஒன்றரை மணி நேரம் மெல்லிய தீயில் சூப். குளிரவைத்தபின் மேலே உறையும் கொழுப்பை அகப்பையால் அள்ளி அகற்றிவிடலாம்.

எம்மவரிடையே நீரிழிவும் இருதய நோயும் அதிகம். கோழியில் கெட்ட கொழுப்பின் பெரும்பகுதி தோலிலும் அதன் அடியிலும் இருப்பதால் தோலை நீக்குவது நல்லது. 2019இல் வெளிவந்த கனடிய உணவு வழிகாட்டி, தட்டில் பாதி மரக்கறியும் பழமும், கால்வாசி புரதமும், கால்வாசி முழுத்தானியமும் இருக்கட்டும் என்கிறது. கறியை மிச்சம் பிடிக்கச் சோற்றைக் கூட்டினால், காசில் மிஞ்சியது சர்க்கரையில் போய்விடும்.

சூப் சட்டி தந்த பாடம்

ஊரில் இரவு கறியைச் சூடாக்கி மூடிவைத்துவிட்டு மறுநாள் சாப்பிடுவோம். அந்தப் பழக்கத்தில் நாங்களும் ஒருமுறை சூப் சட்டியை இரவு முழுவதும் அடுப்பிலேயே விட்டுவிட்டோம். காலையில் மணமும் சுவையும் நன்றாகவே இருந்தன. அதைக் குடித்த வீட்டுப் பெரியவர் இரண்டு நாள் வயிற்றோட்டத்தால் வாடினார். சில கிருமிகளின் வித்துகள் கொதிநிலையிலும் சாவதில்லை. பெரிய சட்டி மெல்ல ஆறும்போது அவை முளைத்துப் பெருகுகின்றன. சில கிருமிகள் விடும் நஞ்சு மறுபடி கொதிக்க வைத்தாலும் அழியாது. குளிர்காலத்தில் சட்டியைக் கராஜில் வைப்பதும் சரியல்ல. அங்கே வெப்பநிலை ஏறி இறங்கும்.

ஆகவே இவற்றை நினைவில் வைத்திருங்கள்:

• சமைத்ததைச் சிறு பாத்திரங்களில் பிரித்து, 2 மணி நேரத்துக்குள் குளிர்சாதனப்பெட்டியில் வையுங்கள். அது 4 பாகை செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே இருக்கவேண்டும். 3, 4 நாட்களுக்குள் சாப்பிட்டு முடியுங்கள்.

• பச்சைக் கோழியை 2, 3 நாட்களுக்குள் சமையுங்கள். இல்லையேல் பிறீசரில் வையுங்கள். துண்டுகள் 6 மாதம், முழுக்கோழி ஒரு வருடம் வரை இருக்கும்.

• உறைந்த கோழியை மேசையில் வைத்து உருக்காதீர்கள். முதல்நாளே குளிர்சாதனப்பெட்டியின் அடித்தட்டில் வையுங்கள்.

• கோழியைக் குழாயடியில் கழுவவேண்டாம் என்கிறது ஹெல்த் கனடா. தெறிக்கும் நீர் கிருமியைப் பரப்பும். மஞ்சளும் தேசிக்காயும் வேண்டுமென்றால் சட்டியிலேயே போட்டுப் பிரட்டுங்கள்.

• இறைச்சி வெப்பமானி ஒன்று வாங்குங்கள். துண்டுகளின் உள்ளே 74 பாகையும், முழுதாக ஓவனில் வேகும் கோழிக்கு 82 பாகையும் வரவேண்டும்.

மிச்சம் பிடிப்பது என்பது கெட்டுப்போகக் கூடியதையும் சாப்பிட்டு முடிப்பதல்ல. சந்தேகம் வந்தால் கொட்டிவிடுங்கள். ஒரு சட்டி சூப்பை விட வீட்டில் உள்ளவர்களின் சுகம் பெரிது. இந்த வாரம் ஒரு கோழி வாங்கும்போது, அதன் மூன்று சமையலையும் கடையில் நிற்கும்போதே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.