மலைமிதிவண்டிக் கவையின் விறைப்பு

கெடா மாநிலத்தில் சுங்கை பட்டாணி, பீடோங், குரூண் ஆகிய பட்டணங்களைச் சுற்றி ரப்பர்த் தோட்டங்களும் செம்பனைத் தோட்டங்களும் பரந்து கிடக்கின்றன. இத்தோட்டங்களின் மண் சாலைகளில் ஒரு காலத்தில் பால்மரம் வெட்டுவோர் பால் வாளிகளை மிதிவண்டியில் ஏற்றிச் சென்றனர். அவ்வண்டிகளின் முன்கவை வெறும் எஃகுக் குழாயால் ஆனது. சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் அதன் அதிர்ச்சி ஓட்டுபவரின் கைகளுக்கே வந்து சேரும். இன்று இத்தகைய சாலைகளில் இளைஞர்கள் மலைமிதிவண்டி ஓட்டி மகிழ்கின்றனர். லங்காவித் தீவில் அனைத்துலக மலைமிதிவண்டிப் போட்டிகளும் நடைபெற்றுள்ளன.

மலைமிதிவண்டியின் முன்சக்கரத்தைத் தாங்கும் உறுப்பே கவை. இதனைப் பேச்சுவழக்கில் ‘ஃபோர்க்’ என்பர். அதிர்வுதாங்கிக் கவைக்கு இரண்டு கால்கள் உண்டு. ஒவ்வொரு காலிலும் மேல்குழாய் கீழ்க்குழாய்க்குள் இறங்கி ஏறும். உள்ளே இருக்கும் சுருள்வில்லோ அழுத்தப்பட்ட காற்றோ அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். எண்ணெய் அந்த அசைவின் வேகத்தைக் கட்டுப்படுத்தும். 1990ஆம் ஆண்டு அமெரிக்காவின் டுராங்கோ நகரில் நடந்த உலக வெற்றியாளர் போட்டியில், ராக்ஷாக்ஸ் நிறுவனத்தின் அதிர்வுதாங்கிக் கவையைப் பயன்படுத்திய கிரெக் ஹெர்போல்ட் இறக்கப் பந்தயத்தில் வாகை சூடினார். அதன் பிறகு இவ்வகைக் கவைகள் விரைவாகப் பரவின.

கவையைப் பற்றிப் பேசும்போது இரண்டு பண்புகளைப் பிரித்தறிய வேண்டும். ஒன்று, சுருள்வில்லின் கடினம். கவை எவ்வளவு எளிதில் அமுங்கும் என்பதை இது காட்டுகிறது. மற்றொன்று, கவையின் விறைப்பு. கவையின் கால்கள் பக்கவாட்டில் வளையாமலும் முறுக்கிக்கொள்ளாமலும் எவ்வளவு உறுதியாக நிற்கின்றன என்பதே அது. நல்ல கவை மேலும் கீழும் இணங்கிக் கொடுக்கும். மற்றத் திசைகளில் இணங்காது.

விறைப்புக் குறைந்தால் என்ன நேரும்? சரிவில் இறங்கும்போது முன்தடையைப் பிடித்தால் கவையின் கால்கள் பின்னோக்கி வளைகின்றன. வளைந்த மேல்குழாய் கீழ்க்குழாயின் உள்வளையத்தோடு உராய்ந்து சிக்குகிறது. அமுங்க வேண்டிய கவை அப்பொழுது கட்டைபோல் நின்றுவிடும். மழைநீர் அரித்த தடத்தில் சக்கரம் நுழையும்போது வேறோர் ஆபத்து உண்டு. ஓட்டுபவர் கைப்பிடியைத் திருப்பினாலும், கவை முறுக்கிக்கொள்வதால் சக்கரம் சற்றுத் தாமதித்தே திரும்பும். அந்தச் சிறு தாமதமே அவரைக் கீழே தள்ளிவிடக்கூடும்.

விறைப்பைக் கூட்டும் வழியைக் கணிதம் காட்டுகிறது. 2 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஒரே உலோகத்தாலான இரண்டு குழாய்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றின் விட்டம் 32 மில்லிமீட்டர். மற்றொன்றின் விட்டம் 35 மில்லிமீட்டர். பெரிய குழாயின் எடை 10 விழுக்காடு மட்டுமே கூடுகிறது. ஆனால், வளைவை எதிர்க்கும் ஆற்றல் ஏறத்தாழ 33 விழுக்காடு உயர்கிறது. இதனால்தான் கரடுமுரடான பாதைகளுக்குரிய கவைகள் பருமனான குழாய்களைக் கொண்டுள்ளன. சக்கர அச்சும் இதில் பங்காற்றுகிறது. முன்பு திறந்த பிளவில் பொருத்தப்பட்ட 9 மில்லிமீட்டர் அச்சே வழக்கிலிருந்தது. இப்பொழுது இரு கால்களையும் ஊடுருவிச் செல்லும் 15 அல்லது 20 மில்லிமீட்டர் அச்சு, அவற்றை ஒன்றாகப் பிணைக்கிறது.

எனினும், விறைப்பு மிகுந்த கவை எல்லாருக்கும் ஏற்றதன்று. அது எடை கூடியது, விலையும் அதிகம். எடை குறைந்த மாணவர் அத்தகைய கவையைப் பொருத்தினால், கற்கள் நிறைந்த பாதையில் சிறு அதிர்வுகள்கூடக் கைகளைச் சோர்வடையச் செய்யும். உடல் எடை, பாதை, வேகம் ஆகிய மூன்றையும் கருதியே கவையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வண்டியை எடுப்பதற்கு முன் எளிய சோதனைகள் சிலவற்றைச் செய்யலாம். முன்தடையைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்க வேண்டும். ‘டக்’ என்ற ஓசை கேட்டால் கவையின் உள்வளையம் தேய்ந்திருக்கலாம். அல்லது கைப்பிடித் தண்டின் இணைப்புத் தளர்ந்திருக்கலாம். அடுத்து, முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு இடையில் இறுக்கிக் கைப்பிடியை மெல்லத் திருப்பினால், கவை எவ்வளவு முறுக்கிக்கொள்கிறது என்பது தெரியும். அச்சு இறுக்கமாக உள்ளதா என்பதையும் உறுதிசெய்ய வேண்டும். ஓட்டி முடித்தபின், மேல்குழாயில் ஒட்டிய சேற்றைத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். குறை தென்பட்டால் மிதிவண்டிக் கடையில் காட்டிச் சரிசெய்த பின்னரே சரிவில் இறங்குவது நலம்.