ஒரு நல்ல வார்த்தை



நம் பூதப்பாண்டிக்கு அருகே, ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் 1752-ம் ஆண்டு சனவரி 14-ந் தேதி வேதசாட்சியாக மரித்தவர் தேவசகாயம். 2022-ல் பாப்பு பிரான்சிஸ் அவரை அர்ச்சியசிஷ்டராகப் பிரகடனம் செய்தார். இந்தப் பெரிய வாழ்வு எங்கே தொடங்கியது தெரியுமா? ஓர் ஆறுதல் வார்த்தையில்!

அன்று அவர் பெயர் நீலகண்ட பிள்ளை. திருவிதாங்கூர் அரண்மனை ஊழியர். ஆடுமாடுகள் மடிந்தன, பயிர் நஷ்டமாயிற்று. அவருடைய முகவாட்டத்தைக் கவனித்தவர் டிலனாய் என்ற டச்சுத் தளபதி. அவரோ 1741-ல் குளச்சல் போரில் சிறைப்பட்டு, சொந்த நாட்டைப் பிரிந்தவர். அப்படிப்பட்டவரே யோபுவின் சரித்திரத்தைச் சொல்லி, பிள்ளையின் மனதைத் தேற்றினார். 1745-ல் பிள்ளை வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார்.

நம் வீடுகளில் நடப்பது என்ன? கறியில் உப்புக் குறைந்தால் உடனே சொல்கிறோம். ருசியாயிருந்தால் மௌனமாய் எழுந்து போகிறோம். பிள்ளை இழந்த மார்க்கை எண்ணுகிறோம், வாங்கியதை எண்ணுவதில்லை. ஒருவருடைய நற்குணங்களைக் கல்லறையருகே நின்று பேசுகிறோம். அவர் காது கேட்டபோது ஏன் பேசவில்லை?

குணமான குஷ்டரோகிகள் பத்துப் பேரில் ஒருவனே நன்றி சொல்லத் திரும்பினான். மற்ற ஒன்பது பேர் எங்கேயென்று சேசுநாதர் கேட்டார். இன்று நம்மிடமும் கேட்கிறார்.

இவ்வாரப் பிரதிக்கினை: தினமும் படுக்குமுன், வீட்டில் ஒருவரிடமாவது அன்று அவர் செய்த நன்மையைச் சொல்லிப் பாராட்டுவேன். கோவிலைக் கூட்டுகிறவரையும் மறவேன்.