இடுக்கண் காலத்துத் தொழில் நிலையங்கள்

ஒரு தொழில் நிலையத்தின் வலிமையை அதன் கட்டடங்களைக் கொண்டும் முதலைக் கொண்டும் அளத்தல் உலக வழக்கு. இடுக்கண் வந்துற்றபோது அவ்வளவை பெரிதும் பயன்படாதென்பதற்கு ஜப்பான் நாட்டு நிகழ்ச்சியொன்றை ஈண்டு எடுத்துக்காட்டுவாம்.

1997-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் வைகறையில், கரியா நகரத்து ஐசின் சைக்கி கம்பெனியாரின் தொழிற்சாலையொன்று தீக்கிரையாயிற்று. டொயோட்டா மோட்டார் வண்டிகளின் பிரேக்கு அழுத்தத்தை முறைப்படுத்தும் சிறு வால்வுகளில் ஏறக்குறைய அனைத்தும் அவ்வோரிடத்திலேயே செய்யப்பட்டு வந்தன. இருப்போ மிகச் சிறிது. வேண்டியபோது வேண்டியவளவே வரவழைத்தல் தாயிச்சி ஓனோ வகுத்த டொயோட்டா முறையின் உயிர்நிலையன்றோ? சில நாட்களுக்குள் அக்கம்பெனியின் ஜப்பானியத் தொழிற்சாலைகள் பெரும்பாலும் நின்றுபோயின. இம்முறையைப் பழிப்பார் கூற்றில் உண்மையில்லாமலில்லை. ஆயினும் பின்னர் நிகழ்ந்தது நோக்கற்பாலது.

ஐசின் கம்பெனியார் தம் வரைபடங்களைப் பிறர்க்கு வழங்கி உதவி வேண்டினர். அறுபதிற்கு மேற்பட்ட நிலையங்கள், விலை பேசாமலும் ஒப்பந்தம் எழுதாமலும் வால்வு செய்யப் புகுந்தன. துணைநின்ற சிறு பட்டறைகளையும் கூட்டினால் தொகை ஏறக்குறைய 200 ஆகும். தையற்பொறிக்குப் பெயர்பெற்ற பிரதர் கம்பெனியும் அவற்றுள் ஒன்று! இவ்வேலைக்கெனவே அமைந்த பொறிகள் எரிந்தொழிந்தமையின், ஒவ்வொருவரும் தத்தம் பொதுப் பொறிகளைக் கொண்டே புதுவழி காணவேண்டியதாயிற்று. ஒருவர் கண்ட தீர்வு மற்றவர்க்கும் அறிவிக்கப்பட்டது. மூன்று நான்கு நாட்களில் முதல் வால்வுகள் வந்தன. பத்து நாட்களுக்குள் வேலை பழைய நிலையை நெருங்கிற்று.

இதனை மேலிடத்துக் கட்டளையின் விளைவெனக் கொள்ளுதல் பொருந்தாது. இருப்பின்மையே இத்திறத்தை வளர்த்ததென்பது எம் கருத்து. சிறு பிழையும் உடனே வேலையை நிறுத்திவிடுமாதலின், அதனைக் கூடித் தீர்க்கும் பழக்கம் அவர்களிடையே முன்னரே வேரூன்றியிருந்தது.

எனினும், எல்லாப் பொருளுக்கும் இவ்வழி இயையாது. 2011-ஆம் ஆண்டு மார்ச்சு 11-ஆம் நாள் நிலநடுக்கத்தால் ரெனெசாஸ் கம்பெனியின் நாக்கா தொழிற்சாலை நின்றபோது, அங்கே செய்யப்பட்ட மின்னணுச் சில்லுகளைப் பிறர் பட்டறைகளில் செய்தல் இயலாததாயிற்று. எனவே மோட்டார் கம்பெனியாரும் பிறரும் வரைபடம் கேளாது ஆட்களையே அங்கு அனுப்பினர். ஒரு நாளில் 2,500 பேர் வரை சீரமைப்பில் உழைத்தனர். ஜூன் மாதத்தில் உற்பத்தி மீண்டும் தொடங்கிற்று. அதன்பின் டொயோட்டா கம்பெனியார், அத்தகைய சில்லுகளுக்கு மட்டும் சில மாத இருப்பு வைக்குமாறு அவற்றை வழங்குவோரைக் கேட்டுக்கொண்டனர்.