காணப்படாத அஞ்சுநர்: கண்டெடுத்த பதிவுத் திகில் படங்களில் அச்சம் என்னும் மெய்ப்பாடு

முன்னுரை

எவரோ எடுத்து விட்டுச்சென்ற காணொளிப் பதிவை உள்ளவாறே காட்டுவதாகப் பாவனை செய்யும் திகில் படங்கள் ‘ஃபவுண்ட் ஃபுட்டேஜ்’ எனப்படுகின்றன. தமிழில் இவற்றைக் ‘கண்டெடுத்த பதிவு’ப் படங்கள் எனலாம். இவற்றுள் பெரும்பாலும் கதைமாந்தருள் ஒருவரே கேமராவை ஏந்தியிருப்பார். அவர் கண்டதும் கேட்டதும் அன்றிப் பிறிதொன்றும் திரைக்கு வாராது. அச்சமூட்டும் பின்னணி இசையும் பொதுவாக இராது. இவை உண்மையிலேயே அச்சம் தருகின்றனவா என்பதில் ஒருமித்த கருத்தில்லை. ஒரே படத்தைக் கண்டு ஒருவர் உறக்கம் இழப்பதும் மற்றொருவர் நகைப்பதும் இவ்வகையில் மிகுதி. இவ்விரு விளைவுகளும் ஒரே படத்திலிருந்து எங்ஙனம் பிறக்கின்றன என்பதைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலுக்குப் பேராசிரியர் வகுத்த உரையின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

மெய்யென நம்புதலும் அஞ்சுதலும்

இவ்வகைப் படங்களின் ஆற்றல், காண்போர் அவற்றை உண்மை நிகழ்வென நம்புவதில் உள்ளது என்பது பரவலான கருத்து. இதற்குச் சான்றாகப் பெரிதும் காட்டப்பெறுவது டேனியல் மைரிக், எட்வார்டோ சான்செஸ் ஆகிய இருவரும் இயக்கிய ‘தி பிளேர் விட்ச் புராஜெக்ட்’ (1999). 1994ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலக் காட்டில் ஆவணப்படம் எடுக்கச் சென்று காணாமற்போன மாணவர் மூவரின் பதிவு ஓராண்டிற்குப் பின் கிடைத்தது என்னும் அறிவிப்புடன் அப்படம் தொடங்குகிறது. நடிகர்கள் தத்தம் சொந்தப் பெயரிலேயே தோன்றினர். கேமராவையும் அவர்களே இயக்கினர். காணாமற்போனோர் பற்றிய செய்திகள் எனக் கற்பனை ஆவணங்கள் இணையத்தில் முன்கூட்டியே பரப்பப்பட்டன. மிகக் குறைந்த செலவில் உருவான அப்படம் உலகெங்கும் ஏறத்தாழ 24.8 கோடி டாலர் ஈட்டியது.

விளம்பரத்தின் வெற்றியை அச்சத்தின் காரணமாகக் கொள்ளல் பொருந்தாது. நடிகர்கள் உயிருடன் இருப்பது விரைவிலேயே உலகறிந்த செய்தியாயிற்று. எனினும் அப்படத்தின் இறுதிக் காட்சி இன்றும் தன் வேலையைச் செய்கிறது. மறுதலையான சான்றும் உண்டு. இத்தாலிய இயக்குநர் ருஜ்ஜெரோ டியோடாட்டோவின் ‘கானிபல் ஹோலோகாஸ்ட்’ (1980) மெய்யென நம்பப்பட்டதன் உச்சம். நடிகர்கள் கொல்லப்படவில்லை என்பதை அவர் சட்டத்தின் முன் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. ஆயினும் அப்படம் காண்போரிடம் எழுப்புவது பெரும்பாலும் அருவருப்பும் வெகுளியுமே. படப்பிடிப்பில் விலங்குகள் மெய்யாகவே கொல்லப்பட்டமை அவ்வெகுளிக்கு வலுவான காரணம். ஆகவே நம்பிக்கை மிகுந்தவிடத்து அச்சம் மிகும் என்னும் விதி நிற்பதில்லை.

பேராசிரியர் எழுப்பும் வினா

தொல்காப்பியர் அச்சத்திற்கு அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கு நிலைக்களன்களைக் கூறுவார். அச்சம் எதனால் பிறக்கும் என்பதற்கு இஃது விடை. யாரிடம் பிறக்கும் என்னும் வினாவைப் பேராசிரியர் உரை கையிலெடுக்கிறது. அச்சந்தரும் ஒன்றைக் கண்டு ஒருவன் அஞ்சி ஓடிவருகிறான். அவனை மற்றொருவன் காண்கிறான். காண்பவன், இவன் கொடிய விலங்கொன்றைக் கண்டு அஞ்சினான் என்று அறிவானேயன்றித் தான் அவ்வச்சத்தைச் சுவைப்பதில்லை என்பது அவர் கருத்து. அஞ்சியவனைக் கண்டார்க்கு நகையோ இரக்கமோ தோன்றும், அச்சம் தோன்றாது.

வழமையான திகில் படங்கள் இவ்வுண்மையோடு ஓயாது போராடுகின்றன. அலறும் முகத்தை அண்மைக் காட்சியில் காட்டுவதே அவற்றின் முதன்மை உத்தி. அம்முகம் காண்போருக்கு அச்சத்தைப் பற்றிய அறிவைத் தருகிறது. அச்சத்தைத் தருவதற்கு இசையும் திடீர் ஓசையும் துணை வரவேண்டியுள்ளது. கண்டெடுத்த பதிவு இச்சிக்கலை வேறு வழியில் கடக்கிறது. அஞ்சுபவர் கேமராவுக்குப் பின்னால் இருப்பதால் அவர் காணப்படுபவர் அல்லர். அவரது மூச்சொலியும் கைநடுக்கமும் மட்டுமே திரையை எட்டுகின்றன. அஞ்சியவனைக் காணும் இரண்டாமவன் என்னும் இடமே அழிந்து, காண்போர் முதலாமவன் நின்ற இடத்தில் நிறுத்தப்படுகின்றனர்.

‘பிளேர் விட்ச்’ படத்தின் இரு காட்சிகள் இதனைத் தெளிவாக்கும். முதலாவது, ஹெதர் என்னும் மாணவி இருளில் கேமராவைத் தன் முகத்தின் பக்கம் திருப்பி, உடன் வந்தோரின் தாயரிடமும் தன் தாயிடமும் அழுதபடி மன்னிப்புக் கேட்கும் காட்சி. அப்படத்தின் அடையாளமாகவே அது மாறிவிட்டது. ஆனால் படத்தில் அஞ்சுபவர் முழுமையாகக் காணப்படும் இடமும் அதுவே. அங்கே பிறப்பது இரக்கம். அடுத்த ஆண்டே வெளியான ‘ஸ்கேரி மூவி’ என்னும் பகடிப் படம், மூக்கு ஒழுகும் அம்முகத்தை எடுத்துக்கொண்டு அரங்கைச் சிரிக்க வைத்தது. நகையும் இரக்கமும் என உரையாசிரியர் இணைத்துச் சொன்ன இரண்டும் ஒரே முகத்திற்கு வாய்த்தமை தற்செயல் அன்று.

இரண்டாவது, இறுதிக் காட்சி. பாழ்வீட்டின் நிலவறைக்குள் ஹெதரின் கேமரா இறங்குகிறது. மூலையில் மைக் சுவரை நோக்கி அசைவின்றி நிற்கிறான். கேமரா கீழே விழுகிறது, படம் முடிகிறது. குழந்தைகளைக் கொன்றவன் ஒரு குழந்தையை மூலையை நோக்கி நிற்கச்செய்து மற்றொன்றைக் கொன்றான் என ஊரார் தொடக்கத்தில் சொன்ன செய்தி அப்போது நினைவுக்கு வரும். இங்கு முகம் எதுவும் இல்லை; ஹெதர் குரலாக மட்டும் இருக்கிறாள், மைக் முதுகாக மட்டும் நிற்கிறான். அணங்கும் காணப்படுவதில்லை. நான்கு நிலைக்களன்களுள் இவ்வடிவத்திற்கு மிகவும் இயைந்தது அணங்கே என்பதற்கு இக்காட்சியே போதும். பேருருவ விலங்கு நகரை அழிக்கும் ‘குளோவர்ஃபீல்ட்’ (2008) இதே வடிவத்தில் அமைந்தும், விலங்கு முழுதாய்த் தெரியுந்தோறும் அச்சம் குன்றி வியப்பாகிய மருட்கையே மேலோங்குகிறது.

உடற்குறிகளைச் சான்றாகக் கொள்வதிலும் கவனம் வேண்டும். ‘பிளேர் விட்ச்’ வெளியானபோது பார்வையாளர் சிலருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் ஏற்பட்டன. அவை கேமராவின் ஆட்டத்தால் வந்தவை; உள்ளத்து அச்சத்தின் வழி வரும் நடுக்கமும் வியர்ப்பும் அல்ல.

அஞ்சுமுன் காணுதல்

ஓரன் பெலியின் ‘பாராநார்மல் ஆக்டிவிட்டி’ (2009இல் பரவலாக வெளியானது) இக்கருத்தைச் சோதனைக்கு உள்ளாக்குகிறது. அதன் முதன்மைக் காட்சிகளில் கேமராவை எவரும் ஏந்துவதில்லை. அது படுக்கையறையில் முக்காலியின்மேல் நிற்கிறது. கணவன் மனைவிபோல் வாழும் இருவர் உறங்குகின்றனர். திரையின் ஓரத்தில் நேரம் ஓடுகிறது. இருவரும் முழுமையாகக் காணப்படுகின்றனர், ஆனால் அவர்கள் இன்னும் அஞ்சவில்லை. கதவு அசைவதை விழித்திருக்கும் பார்வையாளர் மட்டுமே காண்கின்றனர். ஓடிவருபவன் காணுமுன் விலங்கைத் தாம் கண்டவர்களாகின்றனர். அத்தனிமைதான் அங்கு அச்சம். ஸ்பானியப் படமான ‘ரெக்’ (2007) இறுதியிலும் இதுவே நிகழ்கிறது: விளக்கு உடைந்த மேல்மாடியில், கேமராவின் இரவுப்பார்வை வழியே காண்போருக்குத் தெரிவது, இருளில் துழாவும் ஏஞ்சலாவுக்குத் தெரிவதில்லை.

இவ்வடிவம் தோற்கும் இடமும் இதே காரணத்தால் விளங்கும். உயிருக்கு ஓடும்போதும் இவர் ஏன் படம் எடுக்கிறார் என்னும் வினா எழுந்த கணமே, கேமராவை ஏந்தியவர் மீண்டும் காணப்படுபவராகிறார். காண்போர் இரண்டாமவன் இடத்துக்குத் திரும்பி, அவரை மதிப்பிடத் தொடங்குகின்றனர். மதிப்பீட்டிலிருந்து நகை ஓரடித் தொலைவுதான். இவ்வகையில் மலிந்த படங்களுள் பல இங்கேயே வீழ்கின்றன.

ராப் சாவேஜ் இயக்கிய ‘ஹோஸ்ட்’ (2020) ஒன்றே இக்கருத்துக்கு முரணாகத் தோன்றுவது. பெருந்தொற்று முடக்கத்தின்போது ‘ஜூம்’ சந்திப்பில் ஆவியை அழைக்கும் நண்பர்களின் முகங்கள் படம் முழுவதும் திரையில் நிரம்பியுள்ளன. எனினும் பழகிய பார்வையாளரின் கண் அம்முகங்களில் தங்குவதில்லை. ஒவ்வொரு முகத்திற்கும் பின்னே ஓர் அறை, அறையில் பாதி திறந்த ஒரு கதவு. முகத்திற்கு உரியவர் அதற்குப் புறங்காட்டி அமர்ந்திருக்கிறார்.