குளக்கட்டு கசிந்தால்



ஊரிலுள்ள கோயிற் குளங்களையும் வயற் குளங்களையும் திருத்துவதற்கு, அஜின்கோர்ட்டிலும் அண்டிய இடங்களிலும் வாழும் எம்மவர் பணம் சேர்த்து அனுப்புவதுண்டு. "கட்டு கசிகிறது, வெளிப்பக்கத்துக்குச் சீமெந்து பூசவேண்டும்" என்று கடிதம் வந்தால் காசு அனுப்ப முன் என்ன கேட்கவேண்டும்? அதற்காகவே இப்பாடம்.

மண்கட்டு எதுவும் சிறிது கசியத்தான் செய்யும். பார்க்கவேண்டியது கசியும் நீரின் தெளிவை. அந்நீரைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்து ஆடாமல் வைக்கச் சொல்லுங்கள். அடியில் மண் படிந்தால், நீர் கட்டின் உள்மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது என்று பொருள். அரிப்பு வெளிப்பக்கத்தில் தொடங்கி, குழாய்போலக் குளத்தை நோக்கி வளரும். அது குளத்தைத் தொட்டுவிட்டால் சில மணி நேரத்திற்குள் கட்டு போய்விடலாம்.

கந்தளாய்க் குளத்தை எம்மவர் அறிவர். குளக்கோட்டன் கட்டியதென்பது கோணேசர் கல்வெட்டு கூறும் மரபு. 7ஆம் நூற்றாண்டில் இரண்டாம் அக்கிரபோதி கட்டியதென்பர் சரித்திர ஆசிரியர். ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட அக்குளம் 1986 ஏப்ரல் 20ஆம் திகதி, ஊர் உறங்கிய அதிகாலை வேளையில் உடைப்பெடுத்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

இனிச் சீமெந்து விடயம். வெளிப்பக்கத்தை அடைத்தால் நீர் நின்றுவிடாது. உள்ளே அமுக்கம் கூடி வேறோரிடத்தில் வெளிவரும். கசியுமிடத்தில் முதலில் மணல், அதன்மேல் சிறுகல், அதற்குமேல் பெருங்கல் என்று பரப்புவதே முறை. நீர் போகும், மண் நிற்கும். அடைப்பதாயின் குளத்தின் உட்பக்கத்தில், நீர் வற்றிய காலத்தில், களிமண்ணால் அடைக்கவேண்டும்.

எலி வளை, உடும்புப் பொந்து, கறையான் புற்று யாவற்றையும் அடிவரை தோண்டி, ஈரக் களிமண்ணை அரையடி அரையடியாக இட்டு இடித்து இறுக்கவேண்டும். (புற்றைத் தொடக்கூடாது என்பவர்கள் உண்டு. கட்டிலுள்ள புற்றுக்கு அந்தச் சலுகை கொடுக்க முடியாது.) ஒன்ராறியோவின் பண்ணைக் குளங்களில் இதே வேலையை மஸ்க்ராட் என்னும் நீரெலி செய்கிறது. மரக்கன்றுகளை முளையிலேயே பிடுங்கவேண்டும். வளர்ந்த மரத்தை வெறுமனே தறித்தால் வேர் உக்கி, அதுவே நீருக்கு வழியாகும். புல் இருக்கட்டும்.

கூடுதல் நீர் தேக்குவதற்காக வானில் மண்மூட்டை அடுக்கும் வழக்கமும் உண்டு. பெருமழையில் நீர் வானால் போகாமல் கட்டின் மேலால் பாயும். மண்கட்டு அதைத் தாங்காது.

சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தையும் பெருங் குளங்கள் நீர்ப்பாசனத் திணைக்களத்தையும் சார்ந்தவை. அவர்களுடைய பொறியியலாளர் பார்த்தாரா என்று கேட்டபின் பணம் அனுப்புங்கள். கலங்கிய நீர் வருகிறதென்று அறிந்தால் கடிதம் எழுதிக்கொண்டிராமல் உடனே தொலைபேசியில் சொல்லுங்கள்: துருசைத் திறந்து நீர்மட்டத்தைக் குறைக்கட்டும், கட்டின் கீழே குடியிருப்போர் அன்றிரவு அங்கே படுக்கவேண்டாம்.